'பணம் போட்டாச்சு' என்றார்கள், எங்கே என்று சொல்லவில்லை

ஒரு வழியாக மானியம் கைக்கு வந்துவிட்டது. நிலக்கடலைக்கு வாங்கிய ஜிப்சத்துக்கான பின்னேற்பு மானியம் (முதலில் நாமே முழுப் பணம் கொடுத்து வாங்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் வரும்), பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனாலும் அதற்காக அப்பா வெயிலில் அலைந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல், பில் எல்லாம் கொடுத்தோம். உதவி வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்து போட்டோ எடுத்துப் போனார். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஜிப்சம் போட்டு மண் அணைத்ததால் காய் பொக்கில்லாமல் திரண்டது, பிடுங்கி விற்றும் ஆயிற்று. மானியம் மட்டும் வரவே இல்லை.

வட்டார அலுவலகத்தில் கேட்டால், "லிஸ்ட்ல பேர் இருக்கு பெரியவரே, பணம் போட்டாச்சு, பேங்க்ல கேளுங்க" என்றார் எழுத்தர். பேங்கில் கேட்டால் எதுவும் வரவில்லை, ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். இப்படியே அப்பாவைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் நானும் கூடப் போய், "அந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க சார், எந்த பேங்க்குக்குப் போச்சுன்னு பார்த்துக்கறோம்" என்றேன். "அதெல்லாம் காட்டக் கூடாது" என்று பதில் வந்தது. பட்டியலில் பெயர் இருக்கிற மனிதர் எதிரே நிற்கிறார், அவருக்கே காட்ட மாட்டார்களாம்!

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். இங்கேதான் கவனம் வேண்டும். "ஏன் பணம் வரவில்லை" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பயனாளிகளின் பெயர், பரப்பு, மானியத் தொகை, அனுப்பிய தேதி, வங்கியின் பெயர், பரிவர்த்தனை நிலை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்காமல் நகராதீர்கள்.

30 நாள் கெடு முடியும் சமயத்தில் பதில் வந்தது: தனிநபர் விவரம், சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவுப்படி தர இயலாது. விடவில்லை, மேல்முறையீடு செய்தேன். அதே சட்டத்தின் 4(1)(பி)(xii) என்ன சொல்கிறது? மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் அலுவலகம் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அதை அப்படியே எடுத்தெழுதினேன். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜெ)-யைத்தான் மாற்றியது, இந்தப் பிரிவைத் தொடவில்லை. மறுத்துப் பதில் வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

பட்டியல் வந்தது. அப்பா பெயருக்கு நேரே பணம் சேர்ந்துவிட்டது என்று இருந்தது, ஆனால் பக்கத்தில் வேறு ஒரு வங்கியின் பெயர். எத்தனையோ வருடம் முன்பு ஊரில் முகாம் போட்டுத் திறந்து கொடுத்த கணக்கு அது! ஆதார் வழியாக அனுப்பும் மானியம் என்றால், நாம் எந்தப் பாஸ்புக் நகல் கொடுத்தாலும், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போய் விழும். எழுத்தர் திரையைப் பார்த்து அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சலும் இல்லை. உங்கள் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் இன்றே பாருங்கள். முடங்கிக் கிடந்த அந்தக் கணக்கை கேஒய்சி கொடுத்து உயிர்ப்பித்துத்தான் பணத்தை எடுத்தோம்.

அப்புறம்தான் மற்ற பெயர்களையும் படித்தேன். பக்கத்து வயல் சித்தப்பா உட்படச் சிலருக்கு "ஆதார் இணைக்கப்படவில்லை, திரும்பியது" என்று இருந்தது. அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை, மானியம் இன்னும் வரவில்லை என்றே காத்திருந்தார்கள். சித்தப்பாவைக் கையோடு பேங்குக்குக் கூட்டிப் போய் இணைத்துவிட்டோம், பணத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி மனுவும் கொடுத்தாயிற்று. இந்தப் பட்டியலை ஒவ்வொரு பருவத்திலும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேட்கப்போகிறேன். கடலை போட்ட எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.