பேனா பெட்டிக்குள்ளேயே வருதா?

நோட்ஸ் எழுத டேப்லெட் தேடுறவங்க ப்ராசஸரை அப்புறம் பாருங்க. முதல்ல பேனாக் கணக்கு.

ஏ16 சிப் ஐபேடுக்கு (2025) ஆப்பிள் பென்சில், அதாவது அதோட பேனா, தனிச்செலவு. யுஎஸ்பி-சி பென்சில்ல அழுத்தத்துக்கேத்த தடிமன் வராது. குறிப்பெடுக்கப் போதும், படம் வரைய ஆகாது. அழுத்தம் வேணும்னா முதல் தலைமுறை பென்சில்தான், அதை சார்ஜ் பண்ண ஒரு அடாப்டர் வேற (இதையெல்லாம் யார் யோசிச்சாங்களோ!). சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ-ல எஸ் பென் (சாம்சங்கோட பேனா) பெட்டியிலேயே இருக்கு, எழுத சார்ஜே வேண்டாம். ஆனா டேப் ஏ9 பிளஸ் வாங்கிட்டு அதுல எஸ் பென் தேடாதீங்க. வேலை செய்யாது.

கடையில சின்னதா ஒரு 'ழ' எழுதிப் பாருங்க. ஏ16 ஐபேடுல கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல காத்து இடைவெளி உண்டு. சாய்வாப் பார்த்தா முனை ஒரு இடம், கோடு ஒரு இடம். சுழி தள்ளி விழும். ஐபேட் ஏர்ல அது கிடையாது.

ஸ்டோரேஜ்: ஐபேடுல மெமரி கார்டு ஸ்லாட்டே இல்ல, 128 ஜிபி பத்துமான்னு வாங்குறப்பவே முடிவு பண்ணணும். நான் சொன்ன ரெண்டு சாம்சங்லயும் கார்டு போடலாம். ஆனா ஆப்களுக்கு உள் ஸ்டோரேஜ்தான், அதனால 64 ஜிபி மாடல் பக்கமே போகாதீங்க.

பேர் தெரியாத மலிவு டேப்லெட்னா வைட்வைன் (வீடியோவைக் காப்பி அடிக்காம காக்குற பூட்டு) எல்1 நிலையில இருக்கான்னு பாருங்க. கீழ்நிலையான எல்3-னா நெட்ஃப்ளிக்ஸ் தெளிவு கம்மியான 480பி-ல நிக்கும், திரை எவ்வளவு நல்லா இருந்தாலும்.