அணைக்கு முன்னால் ஒரு கடிதம்

ஆற்றுநீர் வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் விசித்திரப் பழக்கம் எனக்கு உண்டு. அதில் எனக்குப் பிடித்தது லானூ ஏரி வழக்கு. பிரனீஸ் மலையில் உள்ள அந்த ஏரியின் நீரை மின்சாரத்துக்காக வேறு பக்கம் திருப்ப பிரான்ஸ் திட்டமிட்டது. ஸ்பெயினுக்கு ஓடும் கரோல் ஆற்றில் அதே அளவு நீரைச் சுரங்கம் வழியாக விட்டுவிடுவதாகவும் சொன்னது. ஆனாலும் ஸ்பெயின், எங்கள் சம்மதம் இல்லாமல் கை வைக்கக்கூடாது என்று நின்றது. 1957இல் நடுவர் மன்றம் பிரான்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சம்மதம் கட்டாயமில்லை, ஆனால் நல்லெண்ணத்தோடு பேசி, கீழே இருப்பவரின் நலனையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது.

வெறும் பேச்சுதானா என்று தோன்றலாம். என்னைக் கேட்டால், நதிச் சட்டத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது. யாருக்கு எத்தனை கன அடி என்று அது அளந்து தருவதில்லை. நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஆறுகளுக்காக 1997இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையும் நியாயமான பயன்பாடு, பெரிய தீங்கு செய்யாமை என்று பொதுவாகத்தான் பேசுகிறது. திட்டத்தைப் பற்றி மற்ற நாட்டுக்கு முன்னறிவிப்பு தருவது என்று வரும்போது மட்டும் கறாராகி, அந்த நாடு பதில் சொல்ல ஆறு மாதம் என்று கெடு வைக்கிறது. அது நடைமுறைக்கு வரவே 2014 ஆகிவிட்டது. எதிர்த்து வாக்களித்த மூன்று நாடுகளில் துருக்கியும் சீனாவும் உண்டு. மேலே இருப்பவருக்கு என்ன அவசரம்!

அப்புறம், உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கு. எல்லை ஆறான அதற்கு அர்ஜென்டினாவோடு சேர்ந்து அமைத்த கூட்டு ஆணையத்திடம் முன்கூட்டியே சொல்லாதது உருகுவேயின் தவறு என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அர்ஜென்டினா சொன்ன மாசு நிரூபணமாகவில்லை, ஆலை ஓடிக்கொண்டே இருந்தது, அபராதமும் இல்லை. ஆனால் அதே தீர்ப்பில், எல்லை தாண்டிப் பெரிய பாதிப்பு வரக்கூடிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு பொதுச் சர்வதேசச் சட்டப்படியே கட்டாயம் என்றும் இருக்கிறது. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாத நாடும் இனி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தோற்றது போலத் தெரிந்த வழக்கில் கிடைத்த பெரிய லாபம் இது.

பேசாமல் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைல் இருக்கிறது. 1959இல் எகிப்து 5,550 கோடி, சூடான் 1,850 கோடி கன மீட்டர் என்று பிரித்துக்கொண்டன. நீரில் பெரும்பகுதியை அனுப்பும் எத்தியோப்பியாவை யாரும் கேட்கவில்லை. 2011இல் எத்தியோப்பியா தன் பேரணையைத் தொடங்கியது. 2025இல் திறப்பு விழாவும் முடிந்தது. வறட்சி ஆண்டில் எவ்வளவு நீர் விடுவது என்று மூன்று நாடுகளையும் கட்டுப்படுத்தும் உடன்பாடு எதுவும் அந்த விழாவுக்கு முன் கையெழுத்தாகவில்லை.