இறந்தது ஓரிடம், எரியூட்டியது ஓரிடம்: அம்மாச்சியின் இறப்புச் சான்றிதழ்

அம்மாச்சி இறந்தது மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் எங்கள் வீட்டில். எரியூட்டியது வேறு மாவட்டத்தில், அவங்க சொந்த ஊரில். "நம்ம வி.ஏ.ஓ.தானே, இங்கேயே பதிஞ்சிடலாம்" என்றார் பெரிய மாமா. வி.ஏ.ஓ. முடியாது என்றுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. 1969ஆம் வருடத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிர் எங்கே போனதோ அங்கேதான் பதிய வேண்டும். ஆதாரில் எந்த முகவரி, எந்தச் சுடுகாடு என்பதெல்லாம் கணக்கில் வராது. ஓடுகிற வண்டியில் இறந்தால்கூட, வண்டி முதலில் நிற்கும் இடத்தில்தான் பதிவு. ஊரில் எரியூட்டியது உண்மை என்று வி.ஏ.ஓ. ஒரு கடிதம் மட்டும் முத்திரை போட்டுக் கொடுத்தார். பின்னால் அது ரொம்பவே கைகொடுத்தது.

ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவல் தருவது அவர்கள் பொறுப்பு. வீட்டில் என்றால் குடும்பத் தலைவர் பொறுப்பு. இறப்புக்கான காரணத்தை, கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் படிவம் 4ஏ-வில் எழுதித் தர வேண்டும். அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தெருமுனை கிளினிக்கில், "நான் பார்க்காத பேஷண்டுக்கு எப்படிங்க தர்றது?" என்று கைவிரித்துவிட்டார்கள். நியாயம்தான். அம்மாச்சிக்குச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மருந்து எழுதிவந்த டாக்டர்தான் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும் முன்பே அதை வாங்கி வைத்திருந்தோம்.

மாநகராட்சியில் நிரப்பச் சொன்னது படிவம் 2. ஒரு பாதி சட்டத்துக்கு, மறுபாதி புள்ளிவிவரத்துக்கு. அந்த மறுபாதியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்: புகை, புகையிலை, பாக்கு, மது என்று ஒவ்வொரு பழக்கமும் எத்தனை வருடம் என்று கேட்கிறது. "பாக்கு?" என்றார் சுகாதார ஆய்வாளர். அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாச்சியை வெற்றிலைப் பை இல்லாமல் இருவருமே பார்த்ததில்லை. "அறுபதுன்னு போட்டுக்கங்க" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தின் கண்ணியமான மதிப்பீடு.

அடுத்தது பெயர். ஆதாரில் கடைசியில் 'அம்மாள்', பாஸ்புக்கில் 'ஆயி'. ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லி, கணினியில் ஏற்றியதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே மாமா கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் ஏறிய பிழையைப் பின்னால் திருத்த 15ஆம் பிரிவில் வழி உண்டு, ஆனால் அதற்குத் தனி ஆவணம், தனி அலைச்சல். இறந்தபோது இருந்த முகவரி, நிரந்தர முகவரி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. ஊர் முகவரியை அங்கே எழுதிக்கொள்ளலாம்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, முதல் பிரதியும் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை மேலதிகாரி அனுமதி, அதற்கும் மேல் என்றால் நிர்வாக நடுவரின் ஆணை. காரியம் முடியட்டும் என்று விட்டால் 21ஆம் நாள் வாசலில் வந்து நிற்கும். மாநகராட்சி அலுவலக வாசலில் காத்திருந்த ஒருவர், "ஆயிரம் கொடுங்க, நாளைக்கே கையில" என்றார். அவரைத் தாண்டிப் போனால் கவுன்டர், அங்கே பைசா கேட்கவில்லை.

சான்றிதழ் வந்த கையோடு மாமா இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தார். அந்த மனு விசாரணைக்குப் போனது அதே வி.ஏ.ஓ.விடம்தான்.