எண் 93

2025 ஜனவரி 8

சேலம் என்றதும் பெண்ணிய ஆய்வுக் கருத்தரங்குகளில் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று பெண் சிசுக்கொலை, இன்னொன்று, வளர்க்க மனமில்லாத பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழி செய்த தொட்டில் குழந்தைத் திட்டம். மூன்றாவதாக ஒன்று கேட்டால் மாம்பழத்துக்குப் போய்விடுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

எண்கள் பொய் இல்லை. 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள். தொட்டில் திட்டம் 1992-இல் இங்கேதான் தொடங்கியது. 2001-இல் அந்த எண் 851. 900-ஐத் தாண்டியது 2011-இல்தான்.

நான் ஆய்வுக்கு எடுத்திருப்பது வேறு தலைப்பு: வெள்ளிக் கொலுசு வேலையை வீட்டிலிருந்தபடி செய்யும் பெண்களின் நேரக் கணக்கு. நெறியாளர் அம்மா ஒரு கேள்வி போட்டார்: “அதுக்கும் இதுக்கும் தொடர்பே இல்லையா?”

இரவெல்லாம் அதுவே ஓடியது. பொருளியலாளர் பிரணாப் பர்தன் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நெல் விளையும் பகுதிகளில் நடவுக்கும் களைக்கும் பெண் வேண்டும், அதனால் அங்கே பெண் குழந்தை பிழைக்கிறது. கோதுமை விளையும் வடமேற்கில் அந்தத் தேவை குறைவு என்பது அவர் வாதம். 1983-இல் டைசன், மூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உறவுமுறையைக் காட்டினார்கள்: தெற்கே சொந்தத்துக்குள், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுப்பதால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துணை விட்டுப்போவதில்லை. இந்த இரண்டு விளக்கத்தின்படியும் சேலத்துப் பெண் தப்பித்திருக்க வேண்டும். இங்கே பெண்கள் உழைக்காத தெரு எது? மாமன் மகனுக்குக் கொடுப்பதும் இங்கே நேற்று வந்த வழக்கம் இல்லை. பிறகும் 849.

உழைப்பு இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. அது யார் கண்ணில் உழைப்பாகப் படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜனவரி 11

சிவதாபுரம். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கையில் நேரப் பயன்பாட்டுத் தாள். மத்திய அரசின் 2019 கணக்கெடுப்பு எப்படிச் செய்ததோ அதே மாதிரி: காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 வரை, அரை மணிக்கு ஒரு கட்டம்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். “வேலைக்குப் போறீங்களாக்கா?”

“இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்.”

சொல்லும்போது அவர் கையில் குறடு. மடியில் தட்டு, தட்டில் வெள்ளிக் கண்ணிகள். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: “அது சும்மா பொழுதுபோவட்டும்னு செய்யறதுங்க.” கண்ணிகளைப் பற்றவைப்பது அவர். அவரைக் கேட்டால் பட்டறை வைத்திருக்கிறேன் என்பார். ஒரே கொலுசு, பாதி அவர் கையில், பாதி அக்கா கையில்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் செய்யும் வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. இந்த அக்காவுக்கு எந்த எண் விழும்? வீட்டு வேலை மட்டும் என்றால் 92. அதோடு விறகு பொறுக்குவது, தைப்பது, நெய்வது என்று சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஏதாவது செய்தால் 93. கணவர் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர் என்றால் 21. சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர் என்றால் 11. முதல் இரண்டு எண்ணில் விழுந்தால் அவர் உழைப்பாளர் பட்டியலிலேயே இல்லை. எந்த எண் என்பது கேட்பவர் எப்படிக் கேட்கிறார், பதில் யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. வாசலில் நின்று பதில் சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். உள்ளேயிருந்து வந்த அந்தக் குரலே போதும், அக்காவுக்கு 92 போட.

இது புதுப் பிரச்சினை இல்லை. பெண்ணியப் பொருளியலாளர் தேவகி ஜெயின் 1970-களிலேயே ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் நேரத்தைக் குறித்துப் பார்த்து, ‘வேலை இல்லாதவர்’ என்று பதிவான பெண்கள் வருமானம் வரும் வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் காட்டினார். பெண்ணிய ஆய்வாளர்களின் நெருக்கடியால்தான் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியில் ‘வயலிலோ குடும்பத் தொழிலிலோ செய்த ஊதியமில்லா வேலையும் சேர்த்து’ என்ற வரி ஏறியது.

சரி, அத்தை தாளுக்கு வருகிறேன். நாலரைக்குத் தண்ணீர் பிடித்தார். ஐந்தரைக் கட்டத்தில் அடுப்பில் உலை, மடியில் கொலுசு, எதிரே பேரன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறான்.

“இதுல எதை எழுதுவ கண்ணு?”

ஒரே நேரத்தில் செய்யும் வேலைகளையும் எழுத அந்த முறையில் இடம் உண்டு. ஆனால் ஒரு அரை மணிக்குள் பத்து நிமிடமாவது செய்திருந்தால்தான் கணக்கு. அத்தை இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிடம் கோர்க்கிறார், அடுத்ததில் எட்டு. நடுவில் குக்கர், கீரைக்காரம்மா, பேரனுக்குத் தலை வாருவது. இப்படிச் சிந்திச் சிதறியே சாயங்காலத்துக்குள் தட்டு நிறைந்துவிடுகிறது. அந்த வேலையில் பாதிக்கு மேல் தாளில் ஏறவே இல்லை.

வெள்ளியில் சேதாரம் எவ்வளவு என்பதற்குப் பட்டறையில் மில்லிகிராம் வரை கணக்கு உண்டு.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். பட்டறைகள் மூடியிருக்கின்றன, கூலி கிடையாது. அடுப்படிக்கு லீவு கிடையாது. என் வீட்டிலும்தான். தாள் பக்கமே போகவில்லை.

ஜனவரி 21

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1982-இல் வந்தது. ஆந்திராவின் மேற்குக் கோதாவரியில் பாதிரிமார் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த கைவேலை அது. மீஸ் போனபோது அந்த லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. வியாபாரமெல்லாம் ஆண்கள் கையில். பின்னும் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிவிட்டு, அதற்குமேல் வீட்டு வேலையும் செய்தார்கள். ஆனால் அவர்கள் ‘வீட்டில் இருக்கும் பெண்கள்’, பின்னுவது ஓய்வு நேரத்தில். உலகச் சந்தைக்குச் சரக்கு தயாரிக்கிறவரை இல்லத்தரசி என்று அழைத்துவிட்டால் கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் கீழே தள்ளலாம் என்பது மீஸ் சொன்னது.

இதில் எனக்கு உறைத்த இடம் வேறு. நரசாப்பூரில் லேஸ் பின்னிய காப்பு சாதிப் பெண்களுக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது: நாங்கள் வயலுக்குப் போகிறவர்கள் இல்லை. சிவதாபுரத்திலும் அதே பேச்சு. “வெயில்ல போயி நிக்காம, நாலு பேரு கண்ணுல படாம, ஊட்லயே ரெண்டு காசு வருது.” இதைச் சொல்லும்போது முகத்தில் மரியாதை தெரிகிறது. களையெடுக்கப் போகிற பெண் இவர்களைவிடக் கூடுதலாகக் கூலி வாங்குகிறாள் என்றால், “அது வேற, இது வேற” என்கிறார்கள். சாதியும் பால்நிலையும் தனித்தனியாக வருவதில்லை என்பதைப் படிப்பது சுலபம். அத்தை வாயிலிருந்து வரும்போது என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமர்த்திய சென் 1990-இல் எழுதிய கட்டுரையில் இந்த லேஸ் பெண்களை எடுத்துக்காட்டுகிறார். குடும்பத்துக்குள் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது ஒரு பேரம். அந்தப் பேரத்தில் உண்மையில் எவ்வளவு உழைக்கிறோம் என்பதைவிட, எவ்வளவு உழைப்பதாக வீடு நம்புகிறது என்பதற்குத்தான் எடை அதிகம் என்பது அவர் வாதம். ‘காணாமல் போன 10 கோடிப் பெண்கள்’ என்று அவர் எழுதியதும் அதே ஆண்டுதான். நெறியாளர் அம்மாவின் கேள்விக்கு எனக்கு இங்கே பாதி விடை கிடைத்தது. கொலுசு வேலைதான் 849-க்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வரதட்சணை, நிலம், சின்னக் குடும்பம் என்று அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் பெண் உழைக்கும் ஊரில் பெண் மதிக்கப்படுவாள் என்ற எளிய கணக்கு இங்கே ஏன் உதைக்கிறது என்பது புரிகிறது.

ஜனவரி 25

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எனக்கு எப்போதும் வயிறு புரட்டும், இன்றைக்கும் அப்படியே.

காப்பி எஸ்டேட்டில் கடைசிப் பறிப்பு நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வந்தேன். இங்கே பெண்ணுக்குப் பெயர் உண்டு. காலையில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் ஏறுகிறது, மாலையில் மூட்டை தராசில் ஏறுகிறது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வைத்தாக வேண்டும். சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பது தனிக்கதை, ஆனால் கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. “வேலைக்குப் போறீங்களா?” என்று இவர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள், இது ஒரு கேள்வியா என்று.

மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறுவது ஆண்கள். கீழே சிதறியதைப் பொறுக்குவது பெண்கள்.

மாலையில் திரும்பும்போது ஆளுக்கொரு விறகுக் கட்டு. ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு முறைப்படி அந்த விறகைப் பொறுக்குவது உற்பத்தி. அதே விறகை வைத்துச் சோறாக்குவது உற்பத்தி இல்லை. அந்தக் கோட்டை எங்கே கிழித்தார்கள் என்பதைப் பற்றி நியூசிலாந்துப் பெண்ணியவாதி மெரிலின் வாரிங் 1988-இல் ஒரு புத்தகமே எழுதினார். விறகோடு மலையில் ஏறிய ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப பொறுக்குன வரைக்கும் சரி, மிச்சத்த நீங்களே பொங்கிக்குங்க” என்றார்.

பிப்ரவரி 6

அம்மாப்பேட்டை, கைத்தறி வீடு. தறியில் உட்கார ஒருவர், ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொடுக்க ஒருவர், கூலி சேலைக்கு. நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இல் நடந்தது. நாடு முழுக்கக் கைத்தறித் தொழிலாளர்களில் பெண்கள் 70 சதவீதத்துக்கு மேல் என்றது. அதில் பெரும்பங்கு வடகிழக்கு மாநிலங்கள். நம் பக்கம் ‘நெசவாளர்’ ஆண், ‘துணைத் தொழிலாளர்’ பெண் என்பதே பழைய வழக்கம். இந்த வீட்டில் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான், இப்போது தறியில் இருப்பது மருமகள். நெசவாளர் சங்கத்துப் பாஸ்புத்தகத்தில் இன்னும் மகன் பெயர்தான்.

பிப்ரவரி 26

நேற்று 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள். சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

2019-இல் வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, நல்ல செய்தி. ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது கேஸ் அடுப்பா, மிக்ஸியா, குழாய்த் தண்ணீரா தெரியாது, வீட்டுக்காரர் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். “88 நிமிஷமா? எந்த ஊர்ல?” என்றார். நேர்மையான மனுஷன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு அதைச் சொன்னது. நாளுக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 மணிக்கும் கொஞ்சம் மேல். மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை. அத்தை கையில் விழும் அந்த ஆயிரம், யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத பணம். கொலுசுக் கூலி மாமா வழியாக வருகிறது, இது நேராக அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வீட்டுப் பேரத்தில் இதற்கு எடை உண்டு.

நீதிமன்றங்களும் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2021 ஜனவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 299, 97 கணக்கையே எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கும் வருமானம் கணித்தாக வேண்டும் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. இரண்டையும் படித்தபோது ஒன்று உறுத்தியது: முன்னதில் அந்தப் பெண் உயிரோடு இல்லை, பின்னதில் குடும்பமே உடைந்துவிட்டது.

மார்ச் 8

மகளிர் தினம். எங்கள் கல்லூரியில் கோலப்போட்டி வைத்தார்கள். வேறென்ன சொல்ல.

மத்தியானம் சிவதாபுரம். அத்தையும் பக்கத்து அக்காவும் இன்னும் சிலரும் நிரப்பின தாள்களுக்கு நகல் கேட்டார்கள். எதற்கு என்றேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியை மாற்றிப் பேசும் நேரம் இது, வியாபாரியிடம் காட்ட வேண்டும் என்றார்கள். இதுவரை பேசப் போவது மாமாதான். இந்த முறை கூடவே போய் நிற்கலாம் என்று அக்காவுக்கு எண்ணம். “எத்தன மணி நேரம்னு கேட்டா சொல்லத் தெரியாம முழிப்போம். இதுல எழுதியிருக்குல்ல.”

நகல் எடுத்துக் கொடுத்தேன்.

நெறியாளர் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். தாளைப் பேரத்துக்குப் பயன்படுத்தினால் அடுத்த சுற்றில் எல்லோரும் நேரத்தைக் கூட்டிச் சொல்வார்கள், தரவு கெட்டுவிடும் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ‘பொழுதுபோவட்டும்னு செய்யறது’ என்று வீட்டுக்காரர் குறைத்துச் சொன்னபோது கெடாத தரவு, அக்கா கூட்டிச் சொன்னால் மட்டும் கெடுமா? இரண்டாம் சுற்றைத் தனியாகவே பதிவு செய்கிறேன், நகல் கொடுத்ததையும் முறையியல் அத்தியாயத்தில் எழுதிவிடுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை துறையில் இதைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்.

வியாபாரி, மிஷின் கொலுசு வந்துவிட்டது, பழைய கூலியே பெரிது என்றாராம். ஆனால் தாளை வாங்கிப் பார்த்தாராம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.