விலாவுக்குக் கீழே ஒரு பொட்டு

மதியம் திரையில் ஒரு சுண்டெலி. மயக்கத்தில் கிடந்தது. விலாவுக்குக் கீழே மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு.

சிவப்பு கணினி பூசியது. உள்ளே இருக்கும் கிருமி விடும் நிஜ ஒளி நீலப்பச்சை, கண்ணுக்கே தெரியாத மங்கல். இருட்டுப் பெட்டிக்குள் குளிரூட்டிய கேமரா நிமிடக்கணக்கில் காத்திருந்து அதைச் சேர்த்தெடுக்கிறது.

பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுவின் குடலில் ஒளிரும் பாக்டீரியா ஒன்று உண்டு. அதன் ஒளியை உண்டாக்கும் லக்ஸ் மரபணுக்களை நோய்க்கிருமிக்குள் வைத்தால் அதுவும் ஒளிரும். 1995இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளர் கான்டாக்கின் குழுவினர் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியில் இதைச் செய்து காட்டினார்கள். இப்படித் தொடர்ந்து பார்த்துத்தான் உணவு வழி தொற்றும் லிஸ்டீரியா கிருமி சுண்டெலியின் பித்தப்பைக்குள் பெருகுவது 2004இல் வெளிவந்தது.

(சுண்டெலிக்குத்தான் பித்தப்பை. ஆய்வகத்துப் பெரிய எலிக்கு அது கிடையவே கிடையாது!)

முன்பெல்லாம் முதல் நாள் சில, மூன்றாம் நாள் சில என்று கொன்று, ஈரலையும் மண்ணீரலையும் அரைத்துத்தான் கிருமியை எண்ண வேண்டும். இப்போது அதே எலியை நாளையும் பார்க்கலாம். தேவைப்படும் எலிகளின் எண்ணிக்கை குறைகிறது. எலியின் முடிவு மாறுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன்.

மீசை லேசாக அசைந்தது.