ஐந்துக்கு ஏழு

2025 மார்ச் 3, திங்கள்

பைத்தான் நிரல்மொழியில் வினாடி வினா ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுத உட்கார்ந்தேன். ஐந்தே கேள்விகள். கேட்க ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் தனி நிரல் துண்டு), திருத்த ஒன்று, முடிவு சொல்ல ஒன்று. பைத்தான் 3 வேரியபிளுக்கு (மதிப்பு வைக்கும் இடம்) தமிழ்ப் பெயரையும் ஏற்கும் என்பதால் மேலே 'மதிப்பெண் = 0' போட்டு, 'திருத்து' ஃபங்ஷனுக்குள் 'மதிப்பெண் = மதிப்பெண் + 1' என்று எழுதினேன். முதல் சரியான விடைக்கே ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது: அன்பவுண்ட் லோக்கல் எரர் (உள்ளே இருக்கும் பெயருக்கு இன்னும் மதிப்பு இல்லை என்ற பிழை).

கூட்டல் வரியை எடுத்துவிட்டு உள்ளே மதிப்பெண்ணைத் திரையில் காட்டும் பிரிண்ட் மட்டும் வைத்தால் 0 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. கூட்டலைத் திரும்பச் சேர்த்தால், அதற்கு முந்தைய வரியில் இருக்கும் பிரிண்ட்டே விழுகிறது. கீழே வரப்போகும் வரிக்காக மேல் வரி ஏன் அடி வாங்க வேண்டும்? தூக்கம் போனது.

மார்ச் 4, செவ்வாய்

காரணம் பிடிபட்டது. ஃபங்ஷனை ஓட்டும் முன்பே பைத்தான் அதை முழுசாகப் பார்த்துவிடுகிறது. உள்ளே எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்திருந்தால், முதல் வரியிலிருந்தே அது அந்த ஃபங்ஷனின் சொந்தப் பெயர். வெளியே இருக்கும் மதிப்பெண் வேறு ஆள். வெறுமனே படிப்பதாக இருந்தால்தான் வெளியே போய்த் தேடும்.

வெளியே இருக்கும் மதிப்பெண்ணைத்தான் சொல்கிறேன் என்று பைத்தானுக்குத் தெரிவிக்க, உள்ளே 'குளோபல் மதிப்பெண்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஓடியது. பெருமை வேறு.

மார்ச் 6, வியாழன்

இரண்டாவது ஆட்டம் ஆடும் வசதி சேர்த்தேன். முதலில் 4 வாங்கினேன். அடுத்த ஆட்டத்தில் திரை சொன்னது: 5க்கு 7. பழைய 4 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பூஜ்ஜியமாக்க ஒரு வரி போதும்தான். ஆனால் அதை எந்த ஃபங்ஷன் எப்போது மாற்றுகிறது என்று மூன்றையும் துழாவ வேண்டியிருந்தது. முப்பது இருந்தால்?

மார்ச் 8, சனி

குளோபலைத் தூக்கிவிட்டேன். 'திருத்து'க்கு விடையையும் மதிப்பெண்ணையும் கையில் கொடுத்தேன். கூட்டி ரிட்டர்ன் செய்தது. முடிவு? பூஜ்ஜியம். அது திருப்பிக் கொடுத்ததை நான் வாங்கவே இல்லை! 'மதிப்பெண் = திருத்து(விடை, மதிப்பெண்)' என்று எழுதிய பிறகுதான் எண் ஏறியது.

அடுத்த தப்பு: ரிட்டர்னை இஃப்புக்குள் (விடை சரியாக இருந்தால் மட்டும் ஓடும் பகுதி) மட்டும் வைத்திருந்தேன். தவறான விடைக்கு ரிட்டர்னே இல்லாததால் 'நன்' (ஒன்றும் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) வந்து மதிப்பெண்ணில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த சரியான விடையில் அதோடு 1 கூட்டப் போய் டைப் எரர் (வகை பொருந்தாத பிழை). இஃப்புக்கு வெளியே இன்னொரு ரிட்டர்ன் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தவறிய கேள்விகளை ஒரு லிஸ்ட்டில் சேர்க்கிறேன். அதை ஃபங்ஷனுக்குள் அனுப்பி அப்பெண்ட் செய்தால் (கடைசியில் ஒட்டினால்), ரிட்டர்ன் இல்லாமலே வெளியிலும் மாறிவிடுகிறது! உள்ளே போவது நகல் இல்லை, அதே லிஸ்ட். ஆனால் 'தவறுகள் = தவறுகள் + [கேள்வி]' என்று எழுதினால் புது லிஸ்ட் பிறக்கிறது; பழையதில் ஒன்றும் ஏறாது. இந்த இரட்டை வேடம் எனக்குப் பிடிக்கவில்லை. லிஸ்ட்டையும் ரிட்டர்ன் செய்தே வாங்குகிறேன்.

இரண்டாவது ஆட்டம்: 5க்கு 3.