பலகைக்குப் பின்னால் கார்னிவல்

சனிக்கிழமை பின்னேரம் முழுக்கக் கடைக்குப் பலகை அடித்தோம். லண்டன் நொட்டிங் ஹில்லில், லட்புரோக் குரோவை ஒட்டிய தெருக்களில் அன்றைக்கு எங்கே பார்த்தாலும் ட்ரில் மெஷின் சத்தம்தான். முதலாளி அண்ணை நாலைந்து ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொண்டே "இந்த ரெண்டு நாளும் சனத்தை நம்பேலாது தம்பி" என்றார். ஸ்குரூவை வெளியே எடுத்ததும் அடுத்த கேள்வி, "தண்ணிப் போத்தல் எத்தனை கேஸ் வந்திருக்கு? ரெட் ஸ்ட்ரைப் பியர் காணுமோ?" நம்ப முடியாத அதே சனத்திடம்தான் ஒரு மாத வியாபாரத்தை இரண்டு நாளில் பார்த்தாக வேண்டும்.

இது 2018 ஆகஸ்ட் கடைசி, கரீபியன் சனத்தின் தெருத் திருவிழாவான நொட்டிங் ஹில் கார்னிவல் நேரம். ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான நாள், திங்கள்தான் முழு ஆட்டம். கதவுப் பலகையில் ஒரு சதுர ஓட்டை விட்டு, அதன் வழியாக விற்றேன். ஆகவே நான் கார்னிவலில் வேலை செய்தேன் என்று சொன்னாலும் பார்த்தது துண்டு துண்டாகத்தான்: ஒரு இறகு, பெயின்ட் பூசிய முழங்கை, ஐந்து பவுண்ட் நோட்டை நீட்டுகிற பச்சை நகம். முகங்கள் ஓட்டைக்கு மேலே எங்கேயோ இருந்தன.

பாட்டு மட்டும் முழுசாக வந்தது. பக்கத்துச் சந்தியில் ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிய ஸ்பீக்கர்கள். பேஸ் இறங்கும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் தட்டில் இருக்கிற போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுக்கும். முதல் ஒரு மணி நேரம் தலையிடி. பிறகு நானே அந்தத் தாளத்துக்கு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடைக்குக் கிழமைக்கு மூன்று தடவையாவது வருகிற ஒரு டிரினிடாட் பாட்டி உண்டு. என்னை "மகனே" என்றுதான் கூப்பிடுவார். பலகையைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். கார்னிவலில் அடிக்கிற ஸ்டீல் பான் என்ற வாத்தியம் எப்படி வந்தது என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். 1880களில் அங்கே வெள்ளைக்கார ஆட்சி தெருவில் மேளம் அடிப்பதை ஒடுக்கியது. சனம் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டது. மூங்கிலுக்கும் கெடுபிடி வர, பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயின் தலையைக் குழியாக அடித்துச் சுரம் பிரித்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் ஊர்ப் பறை ஞாபகம் வந்தது. அதை யார் அடிக்கலாம், எந்த வாசலில் நின்று அடிக்கலாம் என்பதற்கு எங்களுக்கு வெள்ளைக்காரன் சட்டம் தேவைப்படவில்லை, சாதியே போதுமாக இருந்தது. இதைப் பாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

கார்னிவலை வெறும் குடியும் கூத்தும் என்று எங்கள் ஆட்கள் பேசும்போது எனக்குக் கிளாடியா ஜோன்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா 1955இல் நாடு கடத்திய பெண். 1958இல் இதே நொட்டிங் ஹில் தெருக்களில் கறுப்பர்களை வெள்ளைக் கும்பல்கள் துரத்தித் துரத்தி அடித்த சில மாதங்களில், 1959 ஜனவரிக் குளிரில், செயின்ட் பான்க்ராஸ் நகர மண்டபத்துக்குள் கரீபியன் கார்னிவல் ஒன்றை நடத்தினார். அதற்குப் போட்ட விழா மலரை விற்ற காசில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்டுவதற்கு. வெள்ளை இளைஞர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார் என்பதை இன்றுவரைக்கும் என்னால் முழுசாகச் சீரணிக்க முடியவில்லை. அது தெருவுக்கு வந்தது 1966இல், ரோன் லாஸ்லெட் என்ற பெண் பிள்ளைகளுக்காக நடத்திய விழாவில், ரஸல் ஹென்டர்சன் ஸ்டீல் பான் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கத் தொடங்கியபோது. 1976இல் மூவாயிரம் பொலிஸ் வந்து, பெரிய மோதலாக முடிந்தது. எங்கள் பலகைகளின் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

2009இல் ஏப்ரல் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் இங்கே பாராளுமன்றச் சதுக்கத்தில், ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நின்றது. வேலை முடிந்து நானும் போய்க் கத்தியிருக்கிறேன். பஸ்கள் சுற்றிப் போயின, ஆட்கள் பார்த்தார்கள், போனார்கள். எங்களிடம் கோஷம் இருந்தது, அதற்கு ஆட ஒருவராலும் முடியாது, ஆடுகிற நேரமும் இல்லை அது. எங்கள் துக்கத்தை இவர்களுடையதோடு ஒப்பிடுவது சரியோ தெரியாது. ஆனால் ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றபோது பொறாமையாக இருந்தது என்பது உண்மை. அடிவாங்கிய தெருவையே வருடத்துக்கு இரண்டு நாள் தங்களுடையதாக்கி, அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு ஆடவிடுகிறார்கள்.

மூன்று மணிக்குப் பாட்டு நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பிரிட்ஜைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இங்கிருந்து நடக்கிற தூரம். முந்தின வருடம் ஜூனில் அங்கே எரிந்து செத்தவர்கள் எழுபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு செக்கனாக எழுபத்திரண்டு செக்கன் மௌனம். ஓட்டைக்கு வெளியே நின்ற பெடியன் நீட்டிய கையை மடக்கவுமில்லை, காசை விடவுமில்லை. தட்டில் போத்தல்கள் அசையாமல் நின்றன. டொய்லட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களிடம் தலைக்கு ஐந்து பவுண்ட் வாங்கிக்கொண்டிருந்த அண்ணைகூடத் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் பேஸ் விழுந்தபோது முதலில் கிலுங்கியது ரம் போத்தல்.

ஏழு மணிக்கு எல்லா ஸ்பீக்கரும் நிற்கவேண்டும். நின்றதும் பின்னாலேயே குப்பை லொறிகள் வந்துவிட்டன. செவ்வாய் காலையில் பலகை கழற்றப் போனால், யாரோ எங்கள் பலகை முழுக்க நீலப் பெயின்ட் கையைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒன்று மிகவும் சின்னக் கை. அண்ணை திட்டிக்கொண்டே பலகைகளை அடுத்த வருடத்துக்கு நம்பர் போட்டு அடுக்கினார். அப்புறம் உள்ளே போய்க் காசு எண்ண உட்கார்ந்தார். நோட்டெல்லாம் ஆடினவர்கள் பூசியிருந்த மினுக்கத் தூள். எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்தபோது அவர் உதட்டிலும் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை, அப்படியே வங்கிக்குப் போனார்.